பின் கன்ட்ரோலரைப் பெயர் சொல்லிப் பிடித்தாயிற்று

ராஸ்பெர்ரி பை 4-இல் நான் எழுதிய லினக்ஸ் கர்னல் மாட்யூல் ஒருவழியாக புரோப் ஆகிவிட்டது, அதாவது தன் டிவைஸோடு இணைந்துவிட்டது! டிவைஸ் ட்ரீக்கு (கர்னலுக்கு ஹார்ட்வேரை விவரிக்கும் பட்டியல்) ஓவர்லே என்ற ஒட்டு போட்டிருந்தால் ஃபேண்டில் (ஒரு நோடு இன்னொன்றைச் சுட்டும் எண்) வழியாக எல்லாம் தானாக நடந்திருக்கும், ஆனால் பின் மேப்பை (எந்த டிவைஸுக்கு எந்தப் பின்கள், என்ன வேலைக்கு என்ற அட்டவணை) சி கோடிலேயே எழுதிப் பதிவு செய்வது என்று பிடிவாதமாக இருந்தேன்.

மேப்பில் பின் கன்ட்ரோலரின், அதாவது சிப்பின் பின்களுக்கு வேலை ஒதுக்கும் பகுதியின், பெயரை ஸ்ட்ரிங்காகக் கொடுக்க வேண்டும். எந்தப் பெயர் என்பதில்தான் வம்பே. டீபக்எஃப்எஸ்ஸில் (கர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்பு அமைப்பு) பின்கன்ட்ரோல்-டிவைசஸ் கோப்பைத் திறந்தால் 'பின்கன்ட்ரோல்-பிசிஎம்2711' என்று அம்சமாக ஒரு பெயர் நிற்கும். அது டிரைவர் தன் டிஸ்கிரிப்டரில் (தன் விவரக் குறிப்பில்) வைத்துக்கொண்டது. அதைக் கொடுத்தால் செல்லப் பெயரைச் சொல்லிப் பதிவேட்டில் தேடச் சொன்ன கதைதான். கர்னல் ஒப்பிடுவது டிவைஸின் பெயரை, அதாவது 'எஃப்இ200000.ஜிபிஐஓ'. டிவைஸ் ட்ரீயைப் பார்த்தும் அதை எழுதிவிட முடியாது, அங்கே நோடு இருப்பது 7இ200000 என்ற பஸ் முகவரியில். ரேஞ்சஸ் என்ற முகவரி மாற்று அட்டவணை வழியாக சிபியு முகவரியாக மாறிய பிறகுதான் பெயர் வைக்கப்படுகிறது. பை 3-இல் இதுவே 3எஃப்200000. டீபக்எஃப்எஸ் அடைவோ இரண்டு பெயரையும் ஹைஃபன் போட்டு ஒட்டி வைத்திருக்கிறது, யாருக்கு உதவுவதற்கோ தெரியவில்லை.

இதைவிட எரிச்சல், பெயர் பொருந்தாவிட்டால் கர்னல் அதைப் பிழையாகவே நினைப்பதில்லை. கன்ட்ரோலர் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது என்று தானே முடிவுகட்டி, -517-ஐ ('பிறகு முயற்சி செய்' என்ற குறியீடு) திருப்பி புரோபைத் தள்ளிப்போட்டுவிடும், லாகில் ஒரே ஒரு இன்ஃபோ வரியோடு. பின்கன்ட்ரோல்-மேப்ஸ் கோப்பு நாம் கொடுத்த ஸ்ட்ரிங்கையே திருப்பிக் காட்டுமே தவிர சரிபார்க்காது. புரோப் தள்ளிப்போன டிவைஸ்களைப் பட்டியலிடும் டிவைசஸ்_டெஃபர்டு கோப்பைத்தான் நம்பலாம்.

சரி, தீர்வு: பெயரை எழுதியே வைக்காமல், கம்பாட்டிபிள் (நோடில் எழுதியிருக்கும் சிப் வகைப் பெயர்) கொண்டு நோடைத் தேடி, அதிலிருந்து பிளாட்ஃபார்ம் டிவைஸை எடுத்து, அதன் பெயரை அப்படியே மேப்பில் வைத்தேன். மேப்பில் தர வேண்டிய குரூப் (பின் தொகுதி) பெயரில் தொல்லையில்லை, இந்தச் சிப்பில் ஒவ்வொரு பின்னும் ஒரு குரூப். ஒன்று மட்டும்: புதிய கர்னல்களில் பின்கன்ட்ரோல் கோர் மேப்பை நகலெடுப்பதில்லை, சுட்டியைத்தான் வைத்துக்கொள்கிறது, அதனால் அட்டவணையை இனிட்டேட்டாவில் (தொடக்கம் முடிந்ததும் விடுவிக்கப்படும் நினைவகப் பகுதி) போடாதீர்கள்.

அடுத்து ஒரு பழைய பே டிரெயில் (இன்டெல் சிப்) டேப்லெட். மூன்று கன்ட்ரோலர்கள், மூன்றுக்கும் ஐஎன்டி33எஃப்சி என்றே ஐடி, கடைசியில் வரும் :00, :01, :02 மட்டும்தான் வித்தியாசம். 102, 28, 44 பின்கள். அங்கே கம்பாட்டிபிள் தந்திரம் எடுபடாது, யூஐடியை (ஒரே ஐடி கொண்டவற்றைப் பிரித்துக் காட்டும் எண்) வைத்துப் பிரிக்கப் பார்க்க வேண்டும். அதற்கு முன் இந்தப் பை 4-இலேயே ஸ்லீப் ஸ்டேட் (டிவைஸ் உறங்கும்போது பின்கள் இருக்க வேண்டிய நிலை) மேப் பாக்கி, இப்போதைக்கு டிஃபால்ட் மட்டும் ஓடுகிறது.