மதகு தேடிய அப்பாவும் கார்டா ஏரிக் கோட்டைகளும்

11 செப்டம்பர் 2023, திங்கள் – பெஸ்கியேரா

வட இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் இருக்கும் சிர்மியோனே கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அதைப் பார்க்காமல் திட்டம் போட்டது நான்தான். பூட்டிய கதவைப் பார்த்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "சரி, டீ கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். கிடைத்தது வெந்நீரும் நூல் கட்டிய ஒரு பையும்.

பஸ் பிடித்து, தங்கியிருக்கும் பெஸ்கியேராவுக்கே திரும்பினோம். இங்கே சீட்டு வாங்க வேண்டியதில்லை, ஊரே கோட்டைக்குள்தான் இருக்கிறது. ஐந்து மூலையிலும் கொத்தளம், சுற்றிலும் தண்ணீர். வெனிஸ்காரர்கள் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மதில் இது. 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இடையில் ஆஸ்திரியர்கள் வந்து வெரோனா, மாந்துவா, லெஞ்ஞாகோ என்ற மூன்று கோட்டை ஊர்களோடு இதையும் நாலாவது காலாக்கி வட இத்தாலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா பொதுப்பணித் துறையில் ஏரி, வாய்க்கால் என்றே காலம் கழித்து ஓய்வு பெற்றவர். ரயிலிலிருந்து ஏரி தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இவ்வளவு பெரிய ஏரிக்கு மதகு எங்கம்மா?" 370 சதுர கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 346 மீட்டர் என்று நான் படித்து வைத்ததை ஒப்பித்தேன். அது அவருக்குத் தேவைப்படவில்லை. சாயங்காலம் பாலத்தில் நின்றபோது பதிலை அவரே கண்டுபிடித்துவிட்டார். இந்த ஏரியிலிருந்து வெளியேறும் ஒரே ஆறு மிஞ்சோ. அது இந்தக் கோட்டையின் நடுவில்தான் புறப்படுகிறது.

"அதான் இங்க கட்டியிருக்கான்" என்றார்.

12 செப்டம்பர், செவ்வாய் – சிர்மியோனே

கதவு திறந்திருந்தது. ஏரிக்குள் விரல் போல நீளும் நிலம், அதன் கழுத்தில் கோட்டை. இந்தப் பாலத்தைத் தாண்டாமல் ஊருக்குள் நுழைய முடியாது. வெரோனாவை 1262 முதல் 1387 வரை ஆண்ட ஸ்காலா குடும்பத்தின் வேலை. ஸ்காலா என்றால் ஏணி. அவர்கள் சின்னமும் ஏணியே. மதில் உச்சியில் பல் பல்லாக நிற்கும் ஞாயில் ஒவ்வொன்றும் தகைவிலான் குருவியின் வால் மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கிறது. போப்பா பேரரசரா என்று இத்தாலி கட்சி கட்டிய காலத்தில், பேரரசர் பக்கத்தின் அடையாளம் அது.

47 மீட்டர் கோபுரத்தில் நான் ஏறினேன். மேலிருந்து நல்ல காட்சி, நல்ல கூட்டம், அவ்வளவுதான். அப்பா ஏறவில்லை. இறங்கி வந்து தேடினால் கோட்டையின் கிழக்குப் பக்கத்துப் படகுத் துறையில் நிற்கிறார். சுற்றிலும் மதில், உள்ளே ஏரித் தண்ணீர், ஏரிப் பக்கம் ஒரு வாசல். ஸ்காலாவின் படகுகள் உள்ளே வந்தால் எதிரி தொட முடியாது. தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. சுவரடியில் பாசி பிடித்த வரியை அப்பா விரலால் காட்டினார். "ஏரி எவ்வளவு ஏறி இறங்குதுன்னு சுவரே எழுதி வச்சிருக்கு பாரு." ஒரு வாத்து அந்த வரியை அலகால் கொத்திக்கொண்டிருந்தது.

இந்த அழகுக்குள் ஒரு கறுப்புக் கணக்கும் உண்டு. சிர்மியோனேயில் அடைக்கலம் புகுந்திருந்த கத்தார் (Cathar) என்ற கிறிஸ்தவப் பிரிவினரை 1276இல் ஸ்காலாவின் படை பிடித்துப் போனது. 1278இல் வெரோனா அரங்கில் ஏறத்தாழ 200 பேரை எரித்தார்கள். இப்போது அதே அரங்கில் கோடைதோறும் ஓபரா நடக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். வாங்கிய ஐஸ்கிரீமை அவர் பாதியில் போட்டுவிட்டார்.

13 செப்டம்பர், புதன் – தோர்ரி, மால்செசினே

காலையில் தோர்ரி தெல் பெனாகோ. ஸ்காலாக்களில் கடைசியாக ஆண்ட அந்தோனியோ 1383இல் கட்டிய கோட்டை. நாலே வருடத்தில் ஆட்சி போய்விட்டது. எனக்குப் பிடித்தது மதிலை ஒட்டிய எலுமிச்சை மனை, 1760இல் கட்டியது. வரிசையாகக் கல் தூண்கள். குளிர்காலம் வந்தால் மேலே பலகையும் முன்னால் கண்ணாடியும் பொருத்தி மரங்களை மூடுவார்களாம். எதிரிக்குப் பயந்து கட்டிய மதில், பனிக்குப் பயப்படும் எலுமிச்சைக்கு முதுகு கொடுக்கிறது.

மதியம் மால்செசினே. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெற்கிலிருந்து காற்று அடித்தது. இதற்கு ஓரா என்று பெயர். விடிகாலையில் வடக்கிலிருந்து வருவது பெலேர். இரண்டும் முறை வைத்து வீசுவதால் படகுக்காரர்கள் காலையில் தெற்கே போய் மதியத்துக்கு மேல் வடக்கே திரும்புவது வழக்கம்.

இந்தக் காற்றால்தான் 1786இல் இதே செப்டம்பர் 13ஆம் தேதி ஜெர்மன் கவிஞர் கோதே இங்கே ஒதுங்கினார். நான் தேதி பார்த்து வரவில்லை. கோட்டைக்குள் அவருக்கென்று வைத்திருக்கும் அறையில்தான் உறைத்தது. அதிகாலை மூன்று மணிக்கு வடகோடித் தோர்போலேயிலிருந்து தெற்கே கிளம்பியவர், எதிர்காற்றில் மாட்டிக்கொண்டு இங்கே கரையேறினார். மறுநாள் காலை, காவல் இல்லாமல் திறந்து கிடந்த கோட்டைக்குள் உட்கார்ந்து கோபுரத்தை வரைந்தார். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தாளைப் பிடுங்கிக் கிழித்தார். ஊர் அன்று வெனிஸின் கையில், பக்கத்து எல்லையோ ஆஸ்திரியாவுடையது. கோட்டையை வரைபவன் ஆஸ்திரியப் பேரரசரின் ஒற்றன்தானே! "இடிந்த கட்டடம்தானே, வரைந்தால் என்ன?" என்றார் இவர். "இடிந்ததை எதற்கு வரைகிறாய்?" என்று அவர்கள் மடக்கினார்கள். கடைசியில் பிராங்க்பர்ட்டில் வேலை பார்த்த கிரகோரியோ என்பவரை அழைத்து வந்து விசாரிக்க வைத்தார்கள். பிராங்க்பர்ட் கோதேயின் சொந்த ஊர். அங்குள்ள குடும்பங்களைப் பற்றிப் பேசித்தான் மனிதர் தப்பினார்.

ஊர்க்காரர்கள் கேட்டது சரியான கேள்வி என்பது அப்பாவின் கட்சி. "அணை மேல நின்னு ஒருத்தன் படம் புடிச்சா நானும்தான் கேட்டிருக்கேன்."

14 செப்டம்பர், வியாழன் – ரீவா

ரீவாவின் கோட்டை ஏமாற்றம். அகழியில் ஏரித் தண்ணீர் இருக்கிறது, அன்னம் கூட நீந்துகிறது. ஆனால் 1852இல் ஆஸ்திரியர்கள் இதைப் படைவீடாக்கி, கோபுரங்களைக் குட்டையாக்கிவிட்டார்கள். இப்போது அருங்காட்சியகம்.

அதை விடத் தோர்போலேயில் படகுகள் வந்த கதை பெரிது. 1439இல் வெனிஸின் கையிலிருந்த பிரேஷ்யா நகரை மிலான் படை முற்றுகையிட்டிருந்தது. ஏரியின் தென்பகுதியும் மிலான் கையில். வெனிஸுக்கு ஏரியில் கப்பல் வேண்டும், வழியோ அடைபட்டிருக்கிறது. அதனால் அதிஜே ஆற்றில் வடக்கே ஏற்றி, மலையடிவாரத்தில் கரையேற்றி, மரஉருளைகள் மேல் காளைகளைக் கட்டி இழுத்து, நடுவில் லோப்பியோ என்ற குட்டி ஏரியில் மிதக்கவிட்டு, கணவாயைத் தாண்டித் தோர்போலேயில் இறக்கினார்கள். ஆறு போர்க்கப்பல்கள், போதாததற்கு ஏறத்தாழ 25 படகுகள்.

"இறக்கினது எப்படி? ஏத்தறது கூட சுலபம்" என்று அப்பா விடவில்லை. கயிறு கட்டி, பாய் விரித்து, எதிரே வீசிய ஓராக் காற்றையே தடையாக்கினார்கள் என்று சொல்கிறார்கள். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் சாப்பாட்டு மேஜையில் காகிதக் கைக்குட்டையில் சரிவுக் கணக்குப் போட்டார். கணவாய் 287 மீட்டர், ஏரி 65 மீட்டர்.

மேற்குக் கரைச் சாலையே 1931இல்தான் முடிந்தது. அதுவரை தண்ணீர்தான் சாலை என்பது இந்தக் கைக்குட்டையைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் மூன்று நாளாக எல்லாக் கோட்டையையும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

15 செப்டம்பர், வெள்ளி – ஆர்கோ, பிறகு ரோவெரேத்தோ பஸ்

ஆலிவ் தோப்பு வழியாக ஏறினால் பாறை உச்சியில் ஆர்கோ. ஜெர்மன் ஓவியர் டியூரர் 1495 வாக்கில் நீர்வண்ணத்தில் தீட்டியது இந்தப் பாறையைத்தான். அந்த ஓவியம் இப்போது பாரிஸ் லூவரில். 1703இல் பிரெஞ்சுப் படை கோட்டையை உடைத்தது. மிஞ்சிய ஓர் அறையின் சுவரில் சீமான்களும் சீமாட்டிகளும் சதுரங்கமும் பகடையும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா மெதுவாக, மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறி வந்தார்.

ரயிலுக்காக ரோவெரேத்தோ பஸ். கணவாய் தாண்டியதும் "கப்பல் மிதந்த ஏரி வருது" என்று அப்பாவை எழுப்பினேன். வந்தது நாணல் மண்டிய சதுப்பு. வெரோனாவை வெள்ளத்திலிருந்து காக்க, அதிஜேயின் உபரி நீரைக் கார்டாவில் விட, மலைக்குள் பத்துக் கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி 1959இல் முடித்தார்கள். வெட்டும்போது லோப்பியோவின் தண்ணீரெல்லாம் வடிந்துவிட்டது.

அப்பா கண்ணாடியில் நெற்றியை வைத்து அது மறையும் வரை பார்த்தார்.

"எங்க ஆளுங்க வேலைதான்" என்றார்.