இரண்டு முறை போனால் ஒரு ரோமாபுரி

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கோடியில், கடலுக்கு ஒரு மைல் இப்பால் இருக்கிறது செயின்ட் டேவிட்ஸ். இந்தத் திருத்தலத்துக்கு இரண்டு முறை யாத்திரை போனால் ரோமாபுரிக்கு ஒரு முறை போன புண்ணியம், மூன்று முறை போனால் எருசலேமுக்கே போன புண்ணியம் என்று 12-ஆம் நூற்றாண்டில் போப் இரண்டாம் கலிஸ்டஸ் அறிவித்தாராம். அந்தக் கணக்குப்படி எனக்கும் என் மனைவிக்கும் இதுவரை சேர்ந்திருப்பது ஆளுக்கு அரை ரோமாபுரி.

2,000 பேர்கூட இல்லாத ஊர். ஆனாலும் பிரிட்டனின் மிகச் சிறிய நகரம் என்ற பெருமை இதற்கு உண்டு. 1995-இல் எலிசபெத் ராணி நேரில் வந்து அந்தப் பட்டத்தைத் தந்தார். பஸ்ஸை விட்டு இறங்கிப் பேராலயம் எங்கே என்று தேடினால் கண்ணில் படாது. கடைத்தெருவைத் தாண்டிப் பழைய கல்வாசலுக்குள் நுழைந்ததும் தரை சட்டென்று சரிகிறது. பள்ளத்துக்குள் மொத்தக் கோயிலும் உட்கார்ந்திருக்கிறது. சாமி பார்க்கப் படியேறியே பழகிய நாம் இங்கே 39 படிகள் இறங்க வேண்டும்.

இந்தப் பள்ளத்தில்தான் 6-ஆம் நூற்றாண்டில், ஊருக்குப் பெயர் தந்த புனிதர் டேவிட் ஒரு மடம் அமைத்தார். வேல்ஸ் மக்கள் அவரை டெவி என்பார்கள். அவருடைய வரலாற்றை ரிகவார்க் என்ற துறவி எழுதியது ஏறக்குறைய 500 ஆண்டுகள் கழித்து. அதனால் எது நடந்தது, எது பக்தியில் விளைந்தது என்று பிரிப்பது கஷ்டம். பிரிக்க எனக்கு ஆசையும் இல்லை. அந்த மடத்தில் உழவுக்கு மாடு கிடையாது, துறவிகளே தோளில் ஏர் இழுத்தார்கள். சாப்பாடு ரொட்டியும் உப்பும் கீரையும், குடிக்கத் தண்ணீர். டேவிட்டே கழுத்தளவு குளிர்ந்த நீரில் நின்று ஜெபிப்பாராம். இறப்பதற்கு முன் சீடர்களிடம், என்னிடம் பார்த்த, கேட்ட சின்னக் காரியங்களைச் செய்துவாருங்கள் என்றார். அவர் மறைந்த மார்ச் 1-தான் இன்றும் வேல்ஸின் தேசியத் திருநாள்.

அப்படிச் சொன்னவரைச் சுற்றிப் பிறகு நடந்ததெல்லாம் பெரிய மனிதர்களின் பெரிய காரியங்கள். 1081-இல் வில்லியம் மன்னர் கும்பிட வந்தார். இங்கிலாந்தை வென்றவரே வந்த பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? வைக்கிங் கொள்ளையர் இதற்கெல்லாம் முன்பே பலமுறை வந்துவிட்டார்கள். 999-இல் மோர்கெனாய் என்ற ஆயரை, அதாவது பிஷப்பை, கொன்றார்கள். இந்த ஊர் ஆயர்களில் முதன்முதலில் மாமிசம் சாப்பிட்டவர் அவர்தானாம். செத்த அன்றிரவே அயர்லாந்தில் இன்னொரு ஆயரின் கனவில் காயங்களோடு தோன்றி, மாமிசம் தின்றேன், மாமிசமாகவே போனேன் என்றாராம். இதை மனைவியிடம் சொன்னேன். "பாவங்க, அதுக்காக வெட்டிப் போடணுமா?" என்றாள். அவள் சுத்த சைவம்.

இந்தக் கதையை எழுதிவைத்தவர் ஜெரால்டு என்ற பாதிரியார். வேல்ஸ் மனிதர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர். 1146 வாக்கில் மேனர்பியர் கோட்டையில் பிறந்தார். கடற்கரை மணலில் அண்ணன்மார் கோட்டை கட்டி விளையாட, இவர் கோயில் கட்டினாராம். அப்பா 'என் ஆயரே' என்று கூப்பிடுவாராம். 1188-இல் சிலுவைப் போருக்கு ஆள் திரட்ட வந்த, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவரான கேன்டர்பரி பேராயரோடு வேல்ஸைச் சுற்றி, பார்த்ததையும் கேட்டதையும் புத்தகமாக்கினார். இந்தப் பேராலயத்துக்கு ஆயராவதுதான் அவருடைய வாழ்நாள் ஆசை. 1176-இல் அவர் பெயர் முன்வந்தது, இரண்டாம் ஹென்றி ஒப்பவில்லை. வேல்ஸ் இளவரசர்களின் ரத்தம் ஓடுகிறவர் ஆயரானால் தலைவலி என்று ராஜா நினைத்திருப்பார். 1199-இல் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். செயின்ட் டேவிட்ஸ் கேன்டர்பரிக்குக் கட்டுப்பட்டதல்ல என்று ரோமுக்கு மூன்று முறை நடையாய் நடந்து வாதாடினார். 1203-இல் வழக்கு தோற்றது. பதவி ஆசை பிடித்தவர் என்று அவரைக் குறைசொல்வோர் உண்டு. ஆசைதான், ஆனால் ஊருக்காகவும் சேர்த்துப்பட்ட ஆசை.

இப்போதுள்ள கட்டடம் 1181-இல் தொடங்கியது. 1220-இல் கோபுரம் இடிந்தது, 1240-களில் நிலநடுக்கம். ஈரநிலத்தில் நிற்பதால் தூண்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். தரையும் மட்டமில்லை. மேற்கு வாசலிலிருந்து பீடத்துக்கு ஏறக்குறைய 4 மீட்டர் ஏறுகிறோம். முட்டிவலிக்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். மேலே ஓக் மரக் கூரை, 16-ஆம் நூற்றாண்டு வேலை. நின்று அண்ணாந்து பார்க்க வேண்டிய பொருள்.

உள்ளே, 12-ஆம் நூற்றாண்டில் தென் வேல்ஸை ஆண்ட ரீஸ் பிரபுவின் கற்சிலை படுத்திருக்கிறது. நட்டநடுவே, பீடத்துக்கு முன், எட்மண்ட் டியூடரின் கல்லறை. ஏழாம் ஹென்றியின் அப்பா, அதாவது ரோமைவிட்டுப் பிரிந்து மடங்களை இடித்த எட்டாம் ஹென்றியின் தாத்தா. தாத்தா கல்லறை இருந்ததால் பேரன் இந்தக் கோயிலை விட்டுவைத்தார் என்பார்கள்.

பேரன் விட்டாலும் ஆயர் பார்லோ விடவில்லை. 1538-இல், டேவிட்டின் நினைவாகப் போற்றிவந்த திருப்பண்டங்களைப் பறித்துக்கொண்டார். பக்கத்திலுள்ள ஆயர் மாளிகையின் ஈயக் கூரையைக் கழற்றி விற்று மகள்களுக்குச் சீர் செய்தார் என்று ஊர்க்கதை. வரலாற்றாசிரியர்கள் இதை நம்புவதில்லை. ஆனால் ஐந்து மகள்களையும் ஐந்து ஆயர்களுக்குக் கட்டிவைத்தது உண்மை!

டேவிட்டின் சன்னதிக்கு வருவோம். 1275-இல் செய்த கல் மேடை, மூன்று வளைவுகள். எட்டாம் ஹென்றி தொடங்கிய அந்த மதச் சீர்திருத்த காலத்துக்குப் பிறகு வெறுமையாகவே கிடந்து, 2012 மார்ச் 1 அன்றுதான் திருப்பணி முடிந்து மறுபடி அர்ப்பணித்தார்கள். வண்ண மர விதானத்தின் கீழ், நடு வளைவில் டேவிட்டின் படம், இருபுறமும் புனிதர்கள் பேட்ரிக்கும் ஆண்ட்ரூவும். பின்பக்கம் டேவிட்டின் அம்மா நோன், நண்பர் ஜஸ்டினியன். வேறொரு சிற்றாலயப் பேழையில் இருக்கும் எலும்புகளை டேவிட்டுடையவை என்று நெடுநாள் நம்பினார்கள். கார்பன் சோதனையில் அவை பல நூற்றாண்டு பிந்தியவை என்று தெரிந்தது. அதனால் கூட்டம் குறையவில்லை. நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றி நின்றபோது, மழைக்கோட்டில் ஒரு பாட்டி மேடையின் கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையவே இல்லை. எலும்பு யாருடையது என்று அவர் கேட்கவா போகிறார்?

தெற்கே கடல் பக்கமாக நடந்தால் டேவிட்டின் அம்மாவின் இடம். புயலடித்த இரவில் நோன் இங்கேதான் டேவிட்டைப் பெற்றார், அப்போது பொங்கிய ஊற்றுதான் இது என்கிறார்கள். இடிந்த சிற்றாலயம், சுற்றிலும் மாடு மேயும் புல்வெளி, கல் கவிந்த சின்னக் கிணறு, அடியில் சில்லறைக் காசுகள். கண்ணோய்க்கு நல்ல தண்ணீராம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு கண்ணிலும் தொட்டுக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. மனைவி ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டாள்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் வரை ரயில், அங்கிருந்து பஸ். பேராலயத்துக்குக் கட்டணமில்லை, காணிக்கை உங்கள் மனசு. கிணற்றுப் பாதை மழைநாளில் சேறு, நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். நேரம் குறைவாக இருந்தால் ஆயர் மாளிகையை விட்டுவிடலாம், கிணற்றை விடாதீர்கள்.