கிளிநொச்சிக் குறிப்புகள்: காணியும் காலக்கெடுவும்

21 ஏப்ரல் 2025, திங்கள்

சட்டத்தரணியான எனக்கு நீதிமன்ற விடுமுறை. மார்ச் 28ஆம் திகதிய அரச வர்த்தமானியை வீட்டில் ஆறுதலாக இருந்து வாசித்தேன். இலக்கம் 2430. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் வந்த அறிவித்தல். யாழ்ப்பாணத்தில் 3,669 ஏக்கர், முல்லைத்தீவில் 1,703, எங்கள் கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54. மூன்று மாதத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் அந்தக் காணியை அரச காணி என்று பிரகடனம் செய்யலாம்.

இந்தச் சட்டம் 1931இல் வந்தது. அதற்கும் வேர் 1840ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலத்துக்கு வேறொருவர் உரித்தை நிரூபிக்கும் வரைக்கும் அது முடிக்குரியது என்று அன்றைக்கு ஆங்கிலேயர் எழுதி வைத்தார்கள். கோப்பித் தோட்டக் காலத்து எண்ணம் அது. வன்னியில் அதைப் பொருத்திப் பாருங்கள். 2008இல் போர் நெருங்கச் சனம் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டது. திரும்பி வரும்போது வளவுக்குள் பற்றை மண்டிக் கிடந்தது. முன்னரே, எண்பதுகளில் வெளிக்கிட்டவர்களின் காணியில் இப்போது பாலையும் வீரையும் வளர்ந்து நிற்கின்றன. வரைபடத்தில் பார்க்கிறவருக்கு அது காடு. உரியவருக்கு அது கிணற்றடி.

என் நிலைப்பாட்டை இன்றைக்கே எழுதிவைக்கிறேன். ஆள் இல்லாத காணி வன்னியில் கிடையாது. விரட்டப்பட்ட ஆட்களின் காணிதான் இருக்கிறது.

29 ஏப்ரல் 2025, செவ்வாய்

தர்மபுரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தா. வயது அறுபதுக்கு மேல். பத்திரிகையைப் பார்த்துப் பயந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டா.

“என்ர வயலும் போயிடுமோ பிள்ளை?”

அட்டவணையைப் பார்த்தோம். அவவுடைய இரண்டரை ஏக்கர் வயல் அதில் இல்லை. அது ஒப்பக்காணி, அதாவது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கணவரின் பெயருக்கு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. சரி, பயப்படவேண்டாம் அம்மா என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒப்பம் கையில் இருக்கிறதா என்று கேட்டேன். அப்போதுதான் முழுக்கதையும் வந்தது.

ஒப்பம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்திருந்திருக்கிறா. விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் எல்லாம் அந்தப் பையோடுதான் போயிருக்கிறா. முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் இருந்து எழும்பி ஓடும்போது பை விடுபட்டது. இரண்டு நாளில் கணவரையும் காணவில்லை. அப்புறம் மெனிக்பாம் அகதி முகாம். 2010இல் ஊருக்குத் திரும்பியதிலிருந்து வயலைச் செய்கிறா.

ஒப்பத்தைத் தன் பெயருக்கு மாற்ற ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறா. ஆளைக் கூட்டி வாங்கோ, இல்லாட்டி மரணச் சான்றிதழ் கொண்டு வாங்கோ என்றார்களாம். மூன்று தரம் போயும் மூன்று தரமும் அதே பதில்.

“செத்துப்போனார் எண்டு நான் எப்பிடிப் பிள்ளை கையெழுத்து வைக்கிறது? நான் காணேல்லையே.”

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புப் பதிவுச் சட்டத்தை 2016இல் திருத்தி, ஆள் காணவில்லை என்பதற்கே ஒரு சான்றிதழை உண்டாக்கினார்கள். அது மரணச் சான்றிதழ் அல்ல. காணாமற்போனவரின் சொத்தைக் குடும்பம் பார்த்துக்கொள்ளவும் கொடுப்பனவு கேட்கவும் அதைக் காட்டலாம். தேடுவதையும் நிறுத்த வேண்டியதில்லை. ஒன்பது வருடங்களாக இருக்கும் இந்த ஏற்பாட்டை அந்த அம்மாவுக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

6 மே 2025, செவ்வாய்

உள்ளூராட்சித் தேர்தல். காலையிலேயே வாக்களித்தேன். வரிசையில் நின்றவர்கள் வீதியையும் குடிநீரையும் பற்றிப் பேசினார்கள், காணியைப் பற்றியும். பிரதேச சபைக்குக் காணி அதிகாரம் இல்லை என்று ஒருவருக்கு விளக்கினேன். அவர் முகம் வாடிப்போனது.

11 மே 2025, ஞாயிறு

கண்டாவளைப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் கூட்டம். இளம் சட்டத்தரணிகள் இருவரும் நானும் போனோம். நாற்பது பேர் வருவார்கள் என்று நினைத்தோம். வாங்கு போதாமல் மாமரத்தடிக்கு இடம் மாறினோம். கிராம அலுவலரான விதானையாரும் வந்திருந்தார்.

எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: பேப்பர் இல்லை, என்ன செய்யலாம்? கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருந்த கோவைகளிலும் பல போரில் அழிந்துபோயின. ஆகவே சனத்திடமும் இல்லை, அரசிடமும் இல்லை. அதற்காக ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. கமநல சேவை நிலையத்தில் வயல் பதிவு இருக்கலாம். ஏக்கர் வரி கட்டிய துண்டு இருக்கலாம். பழைய குடும்ப அட்டை, பிள்ளையின் பாடசாலைச் சேர்வுப் பதிவில் உள்ள விலாசம், அயல் காணியின் உறுதிப் பத்திரத்தில் ‘கிழக்கு எல்லை இன்னாருடைய காணி’ என்று எழுதிய வரி, இவை எல்லாம் சாட்சிதான். அயல் உறுதியின் எல்லை விவரத்தை யாரும் யோசிப்பதில்லை. தெல்லிப்பளையில் இருக்கும் சொந்தக்காரரின் பெட்டிக்குள்ளும் உங்கள் காணியின் சாட்சி இருக்கக்கூடும் என்று சொன்னபோது பின்வரிசையில் ஒரு முதியவர் எழும்பி, “கனடாவிலை இருக்கு தங்கச்சி, என்ர தமையனிட்டை” என்றார். அன்றைக்கே தொலைபேசி எடுக்கச் சொன்னேன்.

பெண்பிள்ளைகளுக்காக ஒன்றை அழுத்திச் சொன்னேன். ஒப்பக்காணியில் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால், முன்பு பெண்ணுக்கு முன்னால் ஆணைத்தான் சட்டம் கூப்பிட்டது. 2022இல் திருத்தி அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டார்கள். மூத்தவள் பெண் என்றால் அவளுக்கும் இடம் உண்டு. பல தகப்பன்மார் இதைக் கேட்டுப் பேசாமல் இருந்தார்கள். ஒரு தாய் மட்டும் திரும்பவும் சொல்லச் சொன்னா, சொன்னேன்.

18 மே 2025, ஞாயிறு

முள்ளிவாய்க்கால் நினைவேந்தல். கஞ்சி குடித்தோம். தர்மபுரத்து அம்மாவைத் தூரத்தில் கண்டேன். கணவரின் படத்தைக் கையில் வைத்திருந்தா, விளக்கு ஏற்றவில்லை. கிட்டப் போய் எதுவும் கேட்கவில்லை.

30 மே 2025, வெள்ளி

வர்த்தமானியை அரசாங்கம் திரும்பப் பெறப் போவதாகச் செய்தி. நல்லது. ஆனால் சொன்னது வேறு, இன்னொரு வர்த்தமானியில் ரத்து அச்சாவது வேறு. மூன்று மாதக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உரிமை கோரல் எழுதுவதை நான் நிறுத்தப் போவதில்லை.

காலக்கெடு இந்தச் சனத்தை முன்பும் ஒருமுறை ஏமாற்றியது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சிறப்பேற்பாடுகள் சட்டம் நல்ல சட்டம். பத்து வருடம் தடையின்றி ஒரு காணியில் இருந்தவர் உரித்துக் கேட்கலாம் என்பது பழைய விதி. போரால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது 2016ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. இருபத்தாறு வருட இழப்புக்கு இரண்டு வருட வாசல். வாசல் திறந்ததே தெரியாமல் எத்தனை பேர் இருந்தார்கள் என்று என் அறைக்கு வருபவர்களைக் கேட்டால் தெரியும்.

பின்னேரம் வேறொரு பெண் வந்தா. சீதனமாகக் கிடைத்த காணியை ஈடு வைத்து மகளைப் படிப்பிக்க வேண்டும். வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்குட்பட்டவ. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவவால் தன் சொந்தக் காணியைக் கைமாற்ற முடியாது. கணவர் விட்டுப்போய்ப் பல வருடம். இருக்கிற இடம் தெரியாது. மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை பெறலாம். பெற்றுக் கொடுப்பேன். ஆனால் ஒரு பெண் தன் காணியில் கையெழுத்து வைக்க இன்றைக்கும் இந்த வழி போகவேண்டியிருப்பதை நான் ஏற்கவில்லை. தேசவழமை நம் அடையாளம் என்று மேடையில் பேசுபவர்கள் இந்தப் பிரிவை மாற்றச் சொல்லியும் பேசவேண்டும்.

27 ஜூன் 2025, வெள்ளி

நாட்டின் அதியுச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் வர்த்தமானியை இடைநிறுத்தி இடைக்காலக் கட்டளை வழங்கியது. சட்டத்தரணி சுமந்திரன் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில். மூன்று மாதம் முடிய ஒரேயொரு நாள் இருந்தது.

செய்தி வந்தபோது நீதிமன்ற வளாகத்தில் நின்றேன். ஒரு மூத்த சட்டத்தரணி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்டாவளை முதியவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருடைய தமையன் கனடாவிலிருந்து உறுதியின் படத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டாராம். 1964ஆம் ஆண்டு உறுதி, நொத்தாரிசின் முத்திரை தெளிவாக இருக்கிறது.

4 ஜூலை 2025, வெள்ளி

தர்மபுரத்து அம்மா வந்தா. கமநல சேவை நிலையத்துப் பதிவேட்டில் கணவரின் பெயர், வாய்க்கால் இலக்கம், இரண்டரை ஏக்கர், எல்லாம் இருக்கிறது. உத்தியோகத்தர் தேடி எடுத்துப் பிரதி கொடுத்திருக்கிறார். ஆள் காணவில்லை என்பதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று. சத்தியக் கடதாசியை நான் வாசிக்க வாசிக்க, ‘காலஞ்சென்ற’ என்ற சொல் எங்காவது வருகிறதா என்று கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தா. வராது என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து வைத்தா.

பதிவேட்டுப் பிரதியை மூன்றாக எடுத்து வந்திருந்தா. ஒன்று தனக்கு, ஒன்று வவுனியாவில் இருக்கும் மகளுக்கு, மற்றது எனக்கு.

“உங்களிட்டை ஒண்டு கிடக்கட்டும் பிள்ளை. ஓட வேண்டி வந்தால் ஆரிட்டையாவது ஒண்டு மிஞ்சும்.”

கோவையில் போட்டு, இலக்கமிட்டு, இரும்பு அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.