அம்மாவோட பொருத்தனை, ஆனந்தபன் மலை

அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தப்ப தியேட்டர் வாசல்ல உக்காந்து நானும் எங்க அண்ணனும் பண்ணுன பொருத்தனை இது. அவங்க நல்லபடியா எழும்பி வந்துட்டா, சின்ன வயசுல அவங்க ஆசப்பட்டு போக முடியாமப் போன மிஷன் ஆஸ்பத்திரி ஊழியத்துக்கு அவங்க பேர்ல நான் போறேன்னு. எங்க பாளையங்கோட்டை 1903-லயே இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பிச்சு தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்புன ஊரு, எங்க வீட்டுல இன்னைக்கும் அம்மா கைப்பிடி அரிசி எடுத்து, மிஷன் ஊழியத்துக்குக் குடுக்கன்னு வச்சிருக்க ஊழியப் பானையில போடாம உலைக்கு அரிசி களைய மாட்டாங்க. நர்ஸா போகணும்னு துடிச்சவங்கள தாத்தா கல்யாணம் பண்ணி அனுப்பிட்டாரு. அவங்க அத மறந்தாலும் கர்த்தர் மறக்கல பாருங்க.

சபையிலிருந்து ஒரு சின்ன டீமா கிளம்புனோம், நேபாளத்துல இருக்கற ஆனந்தபன் தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு. கோரக்பூர் வரைக்கும் ரயில், அங்கருந்து சுனௌலி பார்டர். அந்த பார்டர பத்தி சொல்லியே ஆகணும். பஸ்ஸ விட்டு இறங்கறதுக்குள்ள நாலு பேரு பைய பிடிச்சு இழுக்கறாங்க, ஜீப் ஜீப்னு ஒருத்தன், ஹோட்டல்னு ஒருத்தன், பணம் மாத்தித் தரேன்னு இன்னொருத்தன். நம்ம நூறு ரூபாய்க்கு அங்க 160 ரூபா, அது பல வருஷமா மாறாத ரேட்டு, ஆனா 145 தான் தருவேன்னு நிக்கறான். போறவங்க நம்ம நூறு ரூபா நோட்டாவே கொண்டு போங்க, அங்க கடையிலயே வாங்கிக்கறாங்க.

அடுத்தது ராத்திரி பஸ். முக்லிங் ரோட்டுல மழைக்கு மண் சரிஞ்சு வண்டியெல்லாம் அப்படியே நின்னுபோச்சு, ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கீழ திரிசூலி ஆறு இரையற சத்தம். பொம்பளைங்களுக்கு ஒதுங்க இடமில்ல, எங்க சித்திக்கு சுகர் வேற, வயித்துக்கு ஒண்ணும் இல்ல. முணுமுணுக்காம இருக்க முடியல, ஆனா அந்நேரத்துல ரோட்டோரத்து டீக்கடை அம்மா ஒருத்தங்க கதவைத் திறந்து அவிச்ச சோளமும் டீயும் குடுத்து உள்ள படுக்க பாய் போட்டாங்க, காசு வாங்கவே மாட்டேன்னுட்டாங்க. அவங்க பூஜை மாடத்துல விளக்கு எரிஞ்சிட்டிருந்துச்சு, நாங்க அந்த வீட்டுக்காக ஜெபம் பண்ணிட்டுப் படுத்தோம்.

ஆனந்தபன் ஆஸ்பத்திரி காத்மாண்டுவுக்குத் தெற்க, லேலே பக்கம் மலை மேல இருக்கு. லகன்கேல் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறி சாபாகாவ் தாண்டிப் போகணும். தொழுநோய்க்காரங்களுக்குன்னு 1957-ல ஆரம்பிச்சது. நேபாளத்துல தொழுநோய் இனிமே ஒரு பொது சுகாதாரப் பிரச்சினை இல்லங்கற அளவுக்கு ஒழிச்சாச்சுன்னு 2010-லயே அறிவிச்சாச்சு, ஆனா புதுசா வர்றவங்க வந்துக்கிட்டேதான் இருக்காங்க. மாத்திரை இலவசம், ஆறு மாசமோ ஒரு வருஷமோ சாப்பிட்டா கிருமி போயிரும், செத்துப்போன நரம்பு மட்டும் திரும்பறதில்ல. வலி தெரியாததால கல்லு குத்துனாலும் நெருப்பு சுட்டாலும் தெரியாது, புண்ணாகி விரல் போயிரும். இத நம்ம வேலூர்ல இருந்துதான் டாக்டர் பால் பிராண்ட் உலகத்துக்கே காட்டுனாரு. வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கும் பக்கத்துல கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிக்கும் நம்ம ஊர்ல எத்தன கூட்டத்துல ஜெபம் ஏறெடுத்திருப்போம், அந்த வைத்தியம் இங்க மலை மேல ஒருத்தர நடக்க வைக்குதுன்னு பாத்தப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

ஒண்ண தெளிவா சொல்லிடறேன். நேபாளத்துல மதம் மாத்துனா சட்டப்படி அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். அதனால மைக்கு, துண்டுப்பிரதி ஒண்ணும் கிடையாது. கையால வேலை செய்யணும், அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிய சமாதானமா இருந்துச்சு.

எனக்குக் குடுத்த வேலை காலை ஊற வைக்கறது. காலையில ஒவ்வொருத்தருக்கும் பேசின்ல தண்ணி. அவங்களுக்கு சூடு தெரியாதுங்கறதால நம்ம முழங்கையை முக்கிப் பாத்துட்டுத்தான் காலை வைக்கச் சொல்லணும். அரை மணி நேரம் ஊறுன பிறகு தடிச்சுப்போன தோல மெதுவா தேய்ச்சு எடுத்து, ஈரம் காயறதுக்குள்ள எண்ணெய் தடவி, விரலிடுக்கு, குதிகால், எங்கயாவது செவப்பு இருக்கான்னு பாத்து, செருப்புக்குள்ள ஆணி, கல்லு கிடக்கான்னு கைய விட்டுத் தடவிப் பாக்கணும். தினமும் இதேதான். சலிக்கவே இல்ல எனக்கு. ராத்திரி படுக்கும்போதே நாளைக்கு யார் கால் எப்படி இருக்கும்னு நெனப்பு வரும்.

ஜனக்பூர் பக்கத்துல இருந்து வந்த ஒரு பாட்டி இருந்தாங்க. அவங்க பேசறது மைதிலி, எனக்குத் தெரிஞ்சது அரைகுறை ஹிந்தி. மொத நாலஞ்சு நாள் என் முகத்தையே பாக்கல, நான் தொடும்போதெல்லாம் காலை உள்ள இழுத்துக்குவாங்க. தொட்டா தெரியாத காலுதான், ஆனா நான் தொடறதக் கண்ணால பாத்துட்டு இழுக்கறாங்க. ஊர்ல அவங்கள யாரும் தொட்டே பல வருஷம் ஆயிருச்சுன்னு பக்கத்து பெட் அக்கா சொன்னாங்க. பிறகு ஒரு நாள் எண்ணெய் தடவி முடிச்சு நான் எந்திரிக்கப் போறேன், என் கைய பிடிச்சாங்க. மலைக் குளிருக்கும் தண்ணியில நனைஞ்சும் என் கையெல்லாம் வெடிச்சு வெள்ளையாப் போயிருந்துச்சு. கிண்ணத்துல மிச்சம் இருந்த கடுகெண்ணெய, அவங்க மடங்கிப் போன விரலால வழிச்சு எடுத்து, என் உள்ளங்கையில, புறங்கையில, ஒவ்வொரு வெடிப்பாப் பாத்துத் தடவி விட்டாங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசல. மேல்வீட்டறையில சீலையைக் கட்டிக்கிட்டு சீஷர் காலைக் கழுவுன என் ஆண்டவரே, நீர் அந்த வார்டுல இருந்தீரு, நான் பாத்தேன். எங்க சபை ஆல்டர் முன்னால எத்தனையோ தடவ முழங்கால் போட்டிருக்கேன், அன்னைக்கு மாதிரி அவரைக் கிட்டத்துல உணர்ந்தது இல்ல.

வருத்தமும் ஒண்ணு உண்டு. ஊழியம்னு வேனில வந்து எறங்கற சில டீமுங்க கேக்காம கொள்ளாம நோயாளிங்கள போட்டோ எடுக்கறாங்க, ஒரு சால்வை போத்தி செல்ஃபி, அடுத்த அரை மணி நேரத்துல ஷாப்பிங்குக்கு தமேல் கிளம்பிடறாங்க. அந்தப் பாட்டி போர்வையால முகத்த மூடிக்கிட்டது இன்னும் மனசுல நிக்குது. தயவு செஞ்சு அப்படிப் போகாதீங்க.

சனிக்கிழமை ஆராதனை, அங்க அன்னைக்குத்தான் லீவு. செருப்ப வெளிய விட்டுட்டு தரையில உக்காந்து, மாதல்னு ஒரு மேளம் கொட்டி, எல்லாரும் கைதட்டிப் பாடறாங்க, வாசல்ல ஜயமசீ ஜயமசீன்னு, அதாவது கிறிஸ்துவுக்கு ஜெயம்னு, எல்லார் கையும் பிடிக்கறாங்க, விரல் இருக்கோ இல்லையோ. பிறகு பருப்பு சோறு, குந்த்ருக்னு புளிக்க வச்சுக் காயவச்ச கீரை. சமையல்கட்டுல அந்த அக்காமாரோட முள்ளங்கி நறுக்கிட்டு உக்காந்தது, மாக்ரூன் டப்பாவ தொறந்ததும் வார்டு புள்ளைங்க ஓடி வந்தது, எத சொல்ல எத விட, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம், ஆயிரம் நாவு போதாது.

வந்து எல்லாத்தையும் அம்மாகிட்ட சொன்னேன். எண்ணெய் கதைய மட்டும் மூணு தடவ சொல்ல வச்சாங்க. இப்ப, நம்ம ஆளுங்களுக்கு நேபாளம் போக பாஸ்போர்ட் வேண்டாம்லா, வோட்டர் ஐடி போதும்லான்னு அவங்களே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. டாக்டர் மலையேற்றம் மட்டும் வேண்டாம்ங்கறாரு, பஸ்ல போனா பரவால்லையாம். ஊழியப் பானை அரிசிய இந்தத் தடவ நானே கொண்டு போய்க் குடுக்கேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. மழை முடிஞ்சு ரோடு சரியானதும் கூட்டிட்டுப் போகணும், உங்க குடும்ப ஜெபத்துல அம்மாவையும் அந்தப் பாட்டியையும் சேத்துக்கோங்க.