மெஸ் போட அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

பேரூராட்சியில் சின்னதாக ஒரு மெஸ்ஸோ டிபன் கடையோ போடுகிறவர்கள் வழக்கமாகப் போகிற வரிசை இது: பஸ் ஸ்டாண்டு பக்கம் இடம் பார்ப்பார்கள், அட்வான்ஸ் கொடுப்பார்கள், போர்டு அடிப்பார்கள், பால் காய்ச்சுவார்கள். யாராவது வந்து கேட்ட பிறகு லைசென்ஸுக்கு ஓடுவார்கள். லைசென்ஸை எப்படியும் வாங்கிவிடலாம். தப்பான கட்டிடத்தில் மாட்டிக்கொண்டால், அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு ஆய்வும் அதே இடத்தில்தான் முட்டும். அதனால் கட்டிடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இடம் பார்க்கப் போகும்போது முன்பக்கத்தை ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், பின்பக்கத்தில் அரை மணி நேரம் செலவிடுங்கள். செப்டிக் டேங்க் எங்கே, போர் எங்கே, இரண்டுக்கும் இடையே எத்தனை அடி? ஐம்பது அடியாவது வேண்டும். பழைய தெரு வீடுகளை இடித்துக் கட்டிய கடைகளில் இது இருபது அடிகூட இருக்காது. செப்டிக் டேங்கிலிருந்து மேலே வழிகிற குழாய் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். நேராகத் தெருச் சாக்கடையில் விட்டிருந்தால், அண்டை வீட்டுக்காரர் கொடுக்கிற முதல் புகார் உங்கள் பெயரில்தான் போகும். கடை நடத்துவது நீங்கள்தானே. பிறகு ஓனரிடம் சொத்து வரி ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாக்கி இருக்கிறதா, குடியிருப்பு என்று போட்டிருக்கிறதா, வணிகம் என்று போட்டிருக்கிறதா? மின் இணைப்பும் அப்படித்தான். வீட்டு இணைப்பில் கிரைண்டர் ஓட்டினால் அபராதம் வரும், அதைக் கட்டப்போவது ஓனர் இல்லை. இதையெல்லாம் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி வாங்குவது, அட்வான்ஸ் கை மாறுவதற்கு முன்னால் மட்டுமே நடக்கும்.

அடுத்தது தண்ணீர். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. இரண்டு மாதிரி கொடுக்க வேண்டும். ரசாயனப் பரிசோதனைக்கு இரண்டு லிட்டர், சுத்தமான கேனில். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகமே தருகிற, கிருமி நீக்கிய பாட்டிலில். பழைய தண்ணீர் பாட்டிலைக் கழுவி அதில் பிடித்துக்கொண்டு போனால், தண்ணீர் நன்றாக இருந்தாலும் பாட்டிலில் இருந்த கிருமி அறிக்கையில் ஏறிவிடும். குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, வாயைத் துடைத்துச் சூடுகாட்டி, பாட்டிலின் உள்பக்கத்தில் விரல் படாமல் பிடித்து, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே சேர்க்க வேண்டும். குளோரின் கலந்த தண்ணீர் என்றால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கு, குளோரினை முறிக்கிற தயோசல்பேட் உள்ளே போட்ட பாட்டில் தனி. அது இல்லாவிட்டால், போகிற வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று, கெட்ட தண்ணீருக்கு நல்ல அறிக்கை வந்துவிடும். கிருமிப் பரிசோதனைக்கு இரண்டு நாள் பிடிக்கும். எனவே எந்தக் கிழமையில் வாங்குவார்கள் என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது 100 மில்லி லிட்டரில் ஈ. கோலை, அதாவது மலத்திலிருந்து வருகிற கிருமி. ஒன்றுகூட இருக்கக் கூடாது. அடுத்து நைட்ரேட், லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. போர் தண்ணீரில் நைட்ரேட் ஏறியிருந்தால் பக்கத்தில் எங்கோ செப்டிக் டேங்கோ மாட்டுத் தொழுவமோ உரமிட்ட வயலோ கசிகிறது என்று அர்த்தம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை விதி இடம் கொடுக்கிறது. கடினத்தன்மை கூடினால் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, துவரம்பருப்புதான் வேகாது. சாம்பார் தினமும் திப்பிதிப்பியாக இருப்பதற்குப் பருப்புக் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இந்த ஒரு எண்ணைப் பாருங்கள்.

பேரூராட்சிக் குடிநீர் வருகிறது, போர் தேவையில்லை என்பவர்களுக்கு வேறு பிரச்சினை. தண்ணீர் நாள் விட்டு நாள் வரும். இடைப்பட்ட நேரத்தில் குழாய் காலியாக இருக்கும். அந்தக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது விதிப்படியே குற்றம். அதைவிடக் கெடுதல், சாக்கடையை ஒட்டிப் போகிற குழாயில் ஒரு விரிசல் இருந்தாலும் மோட்டார் சாக்கடைத் தண்ணீரைச் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். சம்ப்பின் வாய் தரை மட்டத்திலேயே இருந்தால், ராத்திரி அடுப்படியைக் கழுவி விடுகிற தண்ணீர் மூடியின் ஓரத்தில் இறங்கும். வாயைச் சுற்றி அரை அடி உயரத்துக்கு விளிம்பு கட்டி, அதன்மேல் உட்காருகிற மாதிரி மூடி போட ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை. கொசுப்புழு பார்க்க வருகிற டி.பி.சி. பணியாளர்களும் முதலில் தூக்கிப் பார்ப்பது அந்த மூடியைத்தான். அடுத்து ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கிற தட்டு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே வாரம் ஒரு முறை தட்டைக் கொட்டித் தேய்த்து வைத்தால் அந்த நோட்டீஸ் வராது.

பிளீச்சிங் பவுடர் கணக்கு: 1000 லிட்டருக்கு 4 கிராம். 2000 லிட்டர் சம்ப் என்றால் 8 கிராம். தராசில் ஒரு தடவை நிறுத்து, அது எந்த மூடியில் எவ்வளவு வருகிறது என்று கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பவுடரை அப்படியே சம்ப்பில் கொட்டக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கிற தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அரை மணி நேரம் கழித்தே பயன்படுத்துங்கள். தண்ணீரில் குளோரின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க குளோரோஸ்கோப் என்று சின்னப் பெட்டி கிடைக்கும். குழாய்த் தண்ணீரைக் குறி வரை பிடித்து ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். குழாயில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் காட்ட வேண்டும். நிறமே வரவில்லை என்றால், பெரும்பாலும் பவுடர் செத்துப்போயிருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில், வாய் கட்டாத பையில் வைத்த பிளீச்சிங் பவுடர் சில வாரங்களில் வெறும் சுண்ணாம்பாகிவிடும். திறந்ததும் மூக்கில் ஏறாத பவுடரை நம்பாதீர்கள். கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட்டும் இதுவும் எந்தக் காரணத்துக்காகவும் ஒரே வாளியில் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

சாக்கடை அடைப்புக்கு எண்ணெய்த் தொட்டி. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கும் வெளிச் சாக்கடைக்கும் நடுவே, இரண்டடிக்கு ஒன்றரையடியில் ஒரு செங்கல் தொட்டி. வெளியே போகிற குழாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்து எடுக்க வேண்டும். எண்ணெய் மிதக்கும், தண்ணீர் மட்டும் போகும். தொட்டி கட்டியும் அடைக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் கஞ்சி. கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சியை அதில் ஊற்றினால் மிதக்கிற கொழுப்பு உருகிக் கூடவே போய், ஆறு வீடு தள்ளிக் குளிர்ந்து கட்டியாகும். கஞ்சியை மாட்டுக்குக் கொடுங்கள், கேட்டு வாங்கிப் போக ஆள் இருக்கும். தொட்டியை வாரம் ஒரு முறை வழித்தெடுக்க வேண்டும்.

இப்போது காகிதம். இரண்டு இடத்தில் இரண்டு அனுமதி. ஒன்று இன்னொன்றுக்குப் பதில் ஆகாது. பேரூராட்சி அலுவலகத்தில் தொழில் உரிமம். பழைய ஆட்கள் இன்னும் இதை ‘டி அண்ட் ஓ’ (டேஞ்சரஸ் அண்ட் அஃபென்சிவ், ஆபத்தான, தொல்லை தரும் தொழில்கள்) என்றே சொல்வார்கள். 1920-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்திலிருந்து வந்த பேச்சு அது. 2023 ஏப்ரல் முதல் நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் புதிதாக வந்துவிட்டன. மற்றது உணவுப் பாதுகாப்புப் பதிவு, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில். புகைப்படம், அடையாள அட்டை, இடத்துக்கான சான்று போதும். சிறு கடைகளுக்கு இருப்பதிலேயே எளிய விண்ணப்பம் இதுதான். பதிவா, லைசென்ஸா என்பதை ஆண்டு விற்றுமுதல் தீர்மானிக்கும். 2011 விதியில் 12 லட்சம் என்று வைத்தார்கள். வரம்பும் கட்டணமும் திருத்தப்படுகிறவை, எனவே விண்ணப்பிக்கிற அன்றைக்குத் தளத்தில் என்ன இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக் கடைக்காரர் சொல்வதை வேண்டாம். கையில் வருகிற 14 இலக்க எண் 2-இல் ஆரம்பித்தால் பதிவு, 1-இல் ஆரம்பித்தால் லைசென்ஸ். ஏஜென்ட் காசு வாங்கிக்கொண்டு எதை எடுத்துக் கொடுத்தார் என்று இதில் தெரிந்துவிடும். அடுத்த தெருவில் இரண்டாவது கடை போட்டால் அதற்குத் தனி எண்.

வேலை செய்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவச் சான்று வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டதற்கான பதிவோடு. ஆய்வில் அடிக்கடி மாட்டுவது இங்கேதான். ஃபைலில் ஆறு பேருக்குச் சான்று இருக்கும், அதில் நான்கு பேர் வேலையை விட்டுப் போயிருப்பார்கள். அடுப்படியில் நிற்கிறவர்கள் பெயர் ஒன்றும் அதில் இருக்காது. மாஸ்டர் மாறுகிற அன்றைக்கே சான்றும் மாற வேண்டும்.

பொரிக்கிற எண்ணெய்க்கு அளவுகோல் 25 சதவீத மொத்தத் துருவச் சேர்மம், அதாவது எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடும்போது சேர்கிற பொருள். அதைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது. கருவி உங்களிடம் இருக்காது, அலுவலர் கையில் இருக்கும். நேற்றைய எண்ணெயின் மேலேயே புது எண்ணெயை ஊற்றி ஓட்டுகிற பழக்கம்தான் அளவை ஏற்றுகிறது. நுரை அடங்காமல் பொங்கினால் மாற்றிவிடுங்கள்.

டீக்கு வைத்திருக்கிற பேப்பர் கப்பும் பாருங்கள். உள்ளே பளபளவென்று பிளாஸ்டிக் பூச்சு உள்ள கப், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருள்களில் ஒன்று. காகிதம்தானே என்று வாதாடிப் பயனில்லை.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுக்க வந்தால் பதற வேண்டாம். முதலில் கேட்க வேண்டியது, இது சட்டப்படியான மாதிரியா, கண்காணிப்பு மாதிரியா என்று. கண்காணிப்பு மாதிரியை வைத்து வழக்குப் போடமாட்டார்கள். சட்ட மாதிரி என்றால் எடுத்த பொருளுக்கு விலை கொடுப்பார்கள், நோட்டீஸும் கொடுப்பார்கள். மாதிரியை நான்காகப் பிரித்துச் சீல் வைக்க வேண்டும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரிடம் (உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு மேலே இருப்பவர்). நான்காவதை உங்கள் செலவில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நீங்கள் கேட்கலாம், அதையும் அப்போதே எழுத்தில் கேட்க வேண்டும். அறிக்கை எதிராக வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

குறைகளைத் திருத்தச் சொல்லி முன்னேற்ற அறிவிப்பு வந்தால், அதில் 14 நாளுக்குக் குறையாமல் அவகாசம் இருக்க வேண்டும். செய்த வேலைக்குப் படம் எடுத்து, கொத்தனார் பில்லையும் சேர்த்துக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் ‘சரி பண்ணிட்டேன் சார்’ என்று சொன்னது ஃபைலில் ஏறாது.

கடையை இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுகிறவர்கள் மறப்பது ஒன்று உண்டு. பதிவு உங்கள் பெயருக்கும் அந்த இடத்துக்கும் சேர்த்துக் கொடுத்தது, சாவியோடு சேர்ந்து போகாது. தளத்தில் சரண்டர் செய்துவிட்டு, சுவரில் மாட்டிய சான்றையும் கழற்றிக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் புது ஆள் போடுகிற பரோட்டாவுக்கு உங்கள் எண்ணில் நோட்டீஸ் வரும்.