ஏழு பாயிண்ட், அறுநூறு ரூபாய்

கரூர் வந்து சேர்ந்து இன்னும் பையைக்கூடப் பிரிக்கவில்லை. அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன் என்றால் காரணம் அந்த அறுநூறு ரூபாய்தான்.

தை மாசக் கடைசி, சபரிமலைக் கூட்டம் ஓய்ந்திருக்கும் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு கன்னியாகுமரி போயிருந்தேன். அம்மாவுக்கு முட்டிவலி. லாட்ஜ் வாசலிலேயே ஒரு ஆட்டோக்காரர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "அம்மாவால நடக்க முடியாது கேட்டீங்களா, ஏழு பாயிண்ட், அறுநூறு தாங்க" என்றார். நானும் ஏறி உட்கார்ந்தேன். காந்தி மண்டபத்தில் இறக்கினார், அது ஒரு பாயிண்ட். பக்கத்திலேயே காமராஜர் மணிமண்டபம், அது இரண்டாவது. ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணக்கூட இல்லை, மனுஷன் சாய்ந்து உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்! அம்மன் கோயில் மூன்று, முக்கடல் சங்கமம் நான்கு. கடைசியாக மேற்கே சன்செட் பாயிண்ட். அங்கே ஒரே மேகம். ஒன்றும் தெரியவில்லை.

லாட்ஜ் கதை தனி. 'சன்ரைஸ் வியூ' ரூம் என்று ஐந்நூறு அதிகம் வாங்கினார்கள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குப் பின்னால் சூரியன் உதிக்குமாம்.

அதனால் மறுநாள் விடியற்காலை அம்மாவே சொல்லிவிட்டாள், "நடந்தே போலாம்டா, வலிச்சா உக்காந்துக்கறேன்" என்று. அந்த நடையைத்தான் வரிசையாகச் சொல்ல வந்தேன். அலங்கார உபகார மாதா கோயிலில் ஆரம்பியுங்கள். அங்கிருந்து கரையை ஒட்டித் தெற்கே வந்தால் படகுத்துறை, குமரி அம்மன் கோயில், சங்கமம், காந்தி மண்டபம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். மேடு பள்ளம் கிடையாது. மொத்தம் ஒரு கிலோமீட்டர் சுமார்தான். அம்மா ஐந்து இடத்தில் உட்கார்ந்தாள். அதில் இரண்டு பாசிமாலைக் கடை, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மாதா கோயில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. நடுக்கோபுரம் 153 அடி. செபமாலையில் சொல்லும் மந்திரங்களின் எண்ணிக்கை அது என்று வாசலில் மெழுகுவத்தி விற்றவர் சொன்னார். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம், பக்கத்துத் தெருவில் வலை காய்கிறது, நெத்திலி வாசம் வருகிறது. ஆட்டோவின் ஏழு பாயிண்டில் இது இல்லவே இல்லை.

படகுக்கு ஏழரைக்கே போய் நின்றுவிடுங்கள். சாதா டிக்கெட்டுக்கும் ஸ்பெஷலுக்கும் நாலு மடங்கு வித்தியாசம். நாங்கள் சாதா. ஒரு மணி நேரம் நின்றோம், அம்மா படியில் உட்கார்ந்து பின்னால் நின்ற ராஜபாளையத்து அக்காவின் குடும்ப வரலாறு முழுவதையும் கேட்டு முடித்தாள். 1892 டிசம்பரில் விவேகானந்தர் உட்கார்ந்து தியானம் செய்த பாறை, 1970இல் திறந்த மண்டபம் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எனக்குப் புதுசு அந்தக் கண்ணாடிப் பாலம். முன்பெல்லாம் கடல் உள்வாங்கினால் படகு வள்ளுவர் பாறைப் பக்கம் போகாது. பன்னிரண்டு வருஷம் முன்பு வந்தபோது தூரத்திலிருந்தே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினேன். 2024 டிசம்பர் கடைசியில் 77 மீட்டருக்குப் பாலம் திறந்த பிறகு நடந்தே போகலாம். அம்மா கைப்பிடியை விடவில்லை, கீழே பார்க்கவும் இல்லை. "காலுக்கடியில கடல் தெரியுதாம், அதுக்கு வேற செலவு பண்ணிக் கட்டியிருக்கான்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சிலையடியில் நின்றதும் முணுமுணுப்பு நின்றது. வள்ளுவரின் ஒரு கால்விரலே அவள் தலையைவிடப் பெரிசு. பீடம் 38 அடி, அறத்துப்பால் அதிகாரங்கள். சிலை 95 அடி, பொருளும் இன்பமும். சிலையை வடித்த கணபதி ஸ்தபதியின் கணக்கு. 2000 ஜனவரி 1 அன்று திறந்தது. ஐந்தாவது வருஷக் கடைசியில் சுனாமி வந்தது, அதுவும் தாங்கி நிற்கிறது.

கரைக்குத் திரும்பியதும் பசி. இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. கடலோர ஓட்டல்களில் விலைப் பலகையைப் பார்த்துவிட்டு, மாதா கோயில் பக்கம் தெருவுக்குள்ளேயே திரும்பி நடந்தோம். தகரக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, போர்டு கிடையாது. மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தேங்காய் போட்டுப் பிசைந்து தட்டில் குவித்து, நடுவில் குழி பண்ணி, சாளை மீன் குழம்பை ஊற்றினார் அந்த ஆச்சி. குழம்பு செக்கச்சிவப்பாக இருக்கும் என்று பயந்தேன், மஞ்சளாகத்தான் இருந்தது. தேங்காய் மைபோல அரைந்திருந்தது. கிழங்கு குழம்பைக் குடித்துக்கொண்டு ஊறிவர, ஓரத்தில் முள்ளோடு ஒரு துண்டு மீன். எங்கள் ஊரில் மரவள்ளி என்றால் சிப்ஸ், இல்லை ஜவ்வரிசி மில்லுக்குப் போகிற லாரி. அம்மா பொதுவாக வெளியே மீன் தொடமாட்டாள். "இன்னும் கொஞ்சம் கறி ஊத்தட்டா மக்ளே" என்று ஆச்சி என்னைக் கேட்க, அம்மா தன் தட்டை நீட்டினாள். இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்று அறுபது. ஆட்டோவின் இரண்டு பாயிண்ட்கூட இல்லை.

அம்மன் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், சொல்லிவிட்டேன். கூட்டம், வேர்வை, சீக்கிரம் வெளியே வந்துவிட்டோம். மூக்குத்தி மட்டும் நன்றாகத் தெரிந்தது. அந்த ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதினவாம், அதனால்தான் கிழக்கு வாசலை அடைத்தே வைத்திருக்கிறார்களாம். வெளியே ஏழு கலர் மண் பாக்கெட் விற்கிறார்கள். அம்மனின் நின்றுபோன கல்யாணத்து அரிசிதான் மண்ணாகிவிட்டது என்று கதை. வாங்காதீர்கள், அதில் பாதி சாயம்.

காந்தி மண்டபத்தில் முந்தின நாள் ஆட்டோக்காரர் பத்து நிமிஷம்தான் கொடுத்தார். இப்போது ஆற அமர உட்கார்ந்தோம். 1948இல் கடலில் கரைப்பதற்குமுன் அஸ்தியை வைத்திருந்த இடம். அக்டோபர் 2 மதியம் மேலே உள்ள துளை வழியாக வெயில் சரியாக அங்கே விழும்படி கட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்குக் காமராஜர் மண்டபத்தில்தான் மனசு. 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து எம்.பி. ஆனவர் அவர். அம்மா சத்துணவு கூடத்தில் வேலை பார்த்தவள், படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். நான் வாசலில் செலவுக் கணக்குப் போட்டேன்.

சாயங்காலம் அங்கேயே கரைச்சுவரில் உட்கார்ந்தோம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பக்கத்தில் சங்கு விற்ற தம்பியிடம் சன்செட் பாயிண்டுக்கு எந்தப் பஸ் என்று கேட்டேன். "எதுக்கு சார்? மழைக்காலத்துலதான் அங்க போணும், அப்பம் சூரியன் வடக்க தள்ளிப் போயிரும். இந்த மாசம் இங்கயே கடல்லதான் விழும்" என்றான். ஆறே காலுக்கு மேல் அப்படியே விழுந்தது.

அம்மா ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்தை மடித்தாள். "அப்ப நேத்து அந்த ஆளு அவ்வளவு தூரம் எதுக்குடா கூட்டிட்டுப் போனான்?"