ஏசி வாங்குறதுக்கு முன்னாடி மொட்டை மாடிய பாருங்க

எங்க வீடு மதுரைல, அப்பா 1988ல கட்டினது. 4 இன்ச் கான்க்ரீட், மேல சுருக்கி (செங்கலும் சுண்ணாம்பும் கலந்த கலவை) போட்டு தட்டோடு பதிச்சது. போன வருஷத்துக்கு முந்தின சித்திரைல ராத்திரி பத்து மணிக்கு ஸ்டூல்ல ஏறி சீலிங்ல கைய வச்சு பாத்தேன், அடுப்ப அணைச்சு கொஞ்ச நேரம் ஆன தோசைக்கல்லு மாதிரி இருந்துச்சு. பகலெல்லாம் குடிச்ச வெயில ராத்திரி பூரா கீழ இறக்குது, ஃபேன் அந்த சூட்டுக் காத்தையே சுத்தி சுத்தி அடிக்குது, அம்மா தரைய ஈரத்துணியால தொடச்சுட்டு வெறுந்தரைல படுப்பாங்க, அத பாக்கவே மனசு கேக்கல.

எல்லாரும் ஏசி போடுன்னாங்க. ஆனா மேல இப்படி கொதிச்சா ஏசி விடிய விடிய கட் ஆகாம ஓடும், ரெண்டு மாச ரீடிங் 500 யூனிட்ட தாண்டும், தாண்டினா 500க்கு கீழ இருக்குற யூனிட்லயும் சிலதுக்கு ரேட் ஏறிடும்.

மொதல்ல ஒருத்தர் சொன்னாருன்னு வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிச்சோம். ஐப்பசி மழைல அப்பளம் மாதிரி உப்பி உரிஞ்சு வந்துடுச்சு. பெயிண்ட்ட குத்தம் சொல்ல மாட்டேன், தட்டோட்டு சந்தெல்லாம் விட்டுப்போய் அடில தண்ணி நின்னிருக்கு, அடிச்சவங்களும் பாக்கல, எங்களுக்கும் தெரியல.

அப்புறம் வயசான கொத்தனார் ஒருத்தர் வந்தாரு. வந்ததும் பத்து குடம் தண்ணிய மாடில ஊத்தச் சொல்லிட்டு ஓரமா உக்காந்துட்டாரு. "தண்ணி எங்க நிக்குதுன்னு பாப்போம் தம்பி, வாட்டம், அதான் தண்ணி வடியிற சரிவு, சரியில்லாம மேல என்ன போட்டாலும் நிலைக்காது"ன்னாரு. பழச பேத்து எடுத்துட்டு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணிய தெளிச்சு தெளிச்சு மூணு நாள் கட்டையால அடிச்சாங்க. "எப்பண்ணே போதும்?"னு கேட்டேன், "கட்டை பதியாம எகிறணும், அப்பதான் போதும்"னாரு. மூணாம் நாள் சாயங்காலம் என் கைல குடுத்து அடிக்கச் சொன்னாரு, நெசமாவே எகிறுச்சு. அதுக்கு மேல சிவப்பு ஓட்டுக்கு பதிலா வெள்ளை டைல். வெள்ளை நிறம் வெயில பெரும்பாலும் திருப்பி அனுப்பிடும், மிச்சம் இறங்குற சூட்ட செங்கல் ஜல்லில இருக்குற காத்து தாமதப்படுத்தும். இந்த சித்திரைல அதே ஸ்டூல், அதே பத்து மணி, கைய வச்சா வெதுவெதுன்னு தான் இருக்கு.

ஃபேனையும் மாத்தினோம். பழசு 75 வாட், புது பிஎல்டிசி (கரண்ட் கம்மியா இழுக்குற மோட்டார் வச்ச ஃபேன்) 30 வாட் தான், தினம் 15 மணி நேரம் ஓடுற ஃபேன்னா ஒண்ணுலயே ரெண்டு மாசத்துக்கு 40 யூனிட் மிச்சம்.

இன்னும் மேக்கால ஜன்னல் பாக்கி. உள்ள ஸ்கிரீன் போட்டு பாத்தாச்சு, கண்ணாடிய தாண்டி வந்த சூடு உள்ள தானே கெடக்கும், அதனால வெளிய மூங்கில் தட்டி கட்டச் சொல்லிருக்கேன், ஞாயித்துக்கிழமை வர்றாங்க.